யார் அந்த 'நாங்கள்'?

டச்சுக்காரர்களின் தேசிய வரலாற்றில் 1581 பெருமைக்குரிய ஆண்டு. ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பை இனி ஏற்கமாட்டோம் என்று பிரகடனம் வெளியிட்டார்கள். அதன் வாதம் இதுதான்: குடிமக்கள் மன்னனுக்காகப் படைக்கப்படவில்லை, மன்னன்தான் குடிமக்களுக்காக, குடிகளை அடிமைகளாக நடத்துகிறவன் மன்னனல்ல, கொடுங்கோலன். படித்தபோது எனக்குச் சிலிர்க்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். எண்பது வருசம் போராடி 1648இல் விடுதலையை உறுதிசெய்துகொண்ட மக்கள்.

அந்த எண்பது வருசத்துக்குள்தான் மற்றதும் நடக்கிறது. 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனி. 1621இல் பாண்டாத் தீவுகள். ஜாதிக்காய் (பேரைப் பாருங்கள்!) வியாபாரம் முழுக்கத் தன் கைக்குள் வரணும் என்று யான் பீட்டர்ஸ்சோன் கூன் படையோடு இறங்கினான். தீவுமக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், நாடுகடத்தப்பட்டார்கள். ஆளில்லாத தோப்புகளுக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கூனுக்கு ஹோர்ன் ஊரில் 1893இல் சிலை வைத்தார்கள்.

நம்ம கரையும் தப்பவில்லை. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை. 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த சில வருசங்களில் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். சோத்துக்கில்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது கம்பெனி.

இதை 'முரண்பாடு' என்று சொல்லி அறிவாளிகள் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முரண்பாடென்றால் எங்காவது உறுத்தியிருக்க வேண்டுமே! 'குடிமக்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் பாண்டாக்காரனும் நாகப்பட்டினத்துப் பிள்ளையும் முதலிலிருந்தே இல்லை. தான் அடிமையாவதைத்தான் அவர்கள் வெறுத்தார்கள், அடிமைத்தனத்தை அல்ல.

1863 ஜூலை 1இல் சுரினாமில் அடிமைமுறை ஒழிந்தது. ஆளுக்கு 300 கில்டர் இழப்பீடு, முதலாளிக்கு! விடுதலையானவர்கள் அரசின் கண்காணிப்பில் இன்னும் பத்து வருசம் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கணும்.

2022 டிசம்பர் 19இல் பிரதமர் மார்க் ருட்டே அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1இல் மன்னர் வில்லெம் அலெக்சாந்தரும் கேட்டார். அங்கே பலருக்கு இது பிடிக்கவில்லை. 'எப்பவோ நடந்ததுக்கு நாங்களா பொறுப்பு?' நமக்கு ரொம்பப் பழகிய கேள்வி. கம்பெனிக் கப்பலில் நோயில் செத்த ஏழை மாலுமியின் வாரிசு கேட்டால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெம்பிராண்ட் ஓவியத்தையும் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரை மாளிகைகளையும் காட்டும்போது 'நாங்கள்' என்கிறவர், பாண்டாவைக் காட்டினால் 'அவர்கள்' என்கிறாரே. சொத்துக்கு வாரிசு, கடனென்றால் அந்நியனா? எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் இது செல்லும்?

மன்னிப்பை ஏற்கவோ மறுக்கவோ சுரினாம் வம்சாவளியினருக்காவது வாயிருக்கிறது. எங்களைக் கலக்காமல் தேதி குறிக்காதே என்று அவர்களுடைய அமைப்புகள் சில நீதிமன்றம் வரைக்கும் போயின, தோற்றன. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த ஊரில், எந்தப் பேரில் இருக்கிறார்கள்? அவர்களிடம் யார் போய்க் கேட்பது?