கருத்துச் சொல்வது கொடையா, கைமாற்றா?

2002-இல் தொடங்கிய லூடம் டேர் என்னும் கேம் ஜாமின் (குறித்த நேரத்தில் கேம் உருவாக்கும் நிகழ்வின்) தனிநபர் பிரிவில், ஒருவரே 48 மணி நேரத்தில் ஒரு வீடியோ கேமை உருவாக்க வேண்டும். பிறகு பங்கேற்பாளர்களே ஒருவர் படைப்பை மற்றவர் ஆடிப் பார்த்து மதிப்பெண்ணும் கருத்தும் தருவார்கள். தரவரிசையில் இடம்பெறக் குறைந்தது 20 மதிப்பீடுகள் தேவை. அதனால் பலர், தமக்கும் கிடைக்கும் என்று எண்ணியே பிறருக்குக் கருத்து எழுதுகிறார்கள்.

இது ஈகை ஆகுமா? இல்லாதவருக்குத் தருவதே ஈகை, மற்றவை திரும்பப் பெறுவதற்காகத் தரும் குறியெதிர்ப்பை என்கிறது திருக்குறளின் 221-ஆம் குறள். கைமாறு கருதிய தானத்தைக் கீதையின் 17-ஆம் அத்தியாயம் ராஜசம் (பற்றால் எழுவது) என வகுக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் என்பவரோ, கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் மூன்றும் சமூகத்தைப் பிணைக்கும் கடமைகள் என்றார்.

நோக்கம் எதுவானாலும், கருத்தின் தரம் கவனத்தைப் பொறுத்தது. “அருமை” என்ற ஒற்றைச் சொல் வெறும் கணக்குத் தீர்ப்பது. “முதல் பள்ளத்திலேயே மூன்று முறை விழுந்தேன், தாவும் பொத்தான் எது என்று தெரியவில்லை” என்பது, ஆடியவர் உண்மையில் அங்கே இருந்ததற்குச் சான்று.

கருத்தை ஏற்பதும் ஓர் அறமே. விழுந்தவரிடம் வாதாடுவதால் பள்ளம் மறையாது. அவர் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். இடறிய அனுபவம் பொய்யாகாது. படைப்பையும் தன்னையும் பிரித்துப் பார்ப்பவருக்கே அந்தக் கருத்து பயன்படும்.