கணினிக்கு முடிவு குறிப்பவர் யார்?

ஒரு பொருளை ஆக்கியவருக்கே அதன் முடிவைக் குறிக்கும் உரிமையும் உண்டா? சைவ சித்தாந்தம் பானையைக் காட்டி மூன்று காரணங்களைப் பிரிக்கிறது: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பானை உருவாகக் குயவன் வேண்டும். உருவான பின் அது நிலைப்பது மண்ணின் வலுவால். குயவன் ஊரைவிட்டே போனாலும் பானையில் தண்ணீர் நிற்கும். இந்தப் பகுப்பை வைத்துக்கொண்டு விண்டோஸ் 11-ஐப் பார்க்கலாம். 2021 அக்டோபரில் வந்த அந்த இயங்குதளம் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான செயலியையும் கேட்டது. அதற்கு முந்தைய கணினிகளுக்கு விண்டோஸ் 11-ன் ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-7820எச்கியூ செயலிக்குச் சில கணினிகளில் மட்டும் அனுமதி கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 அவற்றில் ஒன்று. நிறுவனம் ஏற்ற செயலிகளின் பட்டியலில் இல்லாத செயலிக்கும், விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து மேம்படுத்தும் வழியை நிறுவனமே ஒருமுறை வெளியிட்டது. ஆக, இந்தத் தடை மண்ணில் இல்லை, குயவனின் தீர்மானத்தில் இருக்கிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பின் கதை வேறு. பாப்கவுன்ட் என்ற கட்டளையை அறியாத செயலியில் அது துவங்கவே துவங்காது. பழைய கோர் 2 டுவோ கணினிகள் அங்கே நின்றுவிட்டன. ரெஜிஸ்ட்ரியில் எதை எழுதினாலும், செயலியில் இல்லாத கட்டளை வந்துவிடாது. இது மண்ணின் எல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படைத்தலோடு காத்தலும் அழித்தலும் இறைவனுக்கு உண்டு என்று அதே சித்தாந்தம் சொல்கிறதே என்று கேட்கலாம். அங்கே அழித்தல் என்பது களைத்த உயிர்களுக்கு இளைப்பாறல் தரும் அருட்செயல். விலை வாங்கிக்கொண்டு பொருளைக் கைமாற்றிய நிறுவனத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. காத்தலை நிறுத்திக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. நிறுத்தியதாலேயே பொருள் அழிந்துவிட்டதாகாது. இதைவிட வலுவான மறுப்பு பாதுகாப்பு பற்றியது. தகுதி பெறாத கணினிகளில் இயங்குதளத்தின் மையமான கர்னலின் செயலிழப்பு 52 சதவீதம் அதிகம் என்று மைக்ரோசாஃப்ட் 2021-ல் சொன்னது. புதுப்பிப்புகள் தொடரும் என்ற உறுதியும் இல்லை. தீநிரல் புகுந்த ஒரு கணினி மற்றவர்களையும் தாக்கும். எனவே பிறருடைய பணத்தையும் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளும் இடங்களில் தடையை மீறி விண்டோஸ் 11-ஐ நிறுவும் துணிச்சல் தவறு என்றே கருதுகிறேன். ஆனால் எங்கே பயன்படுத்தலாம் என்பதைத்தான் அந்த வாதம் வரையறுக்கிறது. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் போட அது காரணமாகாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் கணினியைக் கழித்துக்கட்டும் முன், தடை செயலியில் இருக்கிறதா, பட்டியலில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில்தான் என்றால், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, லினக்ஸ் இயங்குதளத்தையாவது நிறுவிப் பாருங்கள்.