புழங்காத காசும் தேய்ந்த காசும்

நாணயம் சேகரிப்பவர்களிடையே உச்ச மதிப்பு, புழக்கத்துக்கே வராத காசுக்குத்தான். கை படப்பட விலை இறங்கும். எழுத்து மழுங்கிவிட்டால் செம்பின் எடைக்குத்தான் போகும். வியாபார நியதி என்று இதை விட்டுவிடலாம். ஆனால் காசு சேர்ப்பது சரித்திரத்துக்காக என்கிறார்கள் இவர்கள். அப்படியானால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: சரித்திரத்துக்குள் போகாமல் தப்பிய பொருள் சரித்திரத்துக்குச் சாட்சியா, உள்ளே போய்த் தேய்ந்த பொருள் சாட்சியா?

1808ஆம் வருஷமிட்ட இருபது காசு இதற்கு ஸ்தூலமான உதாரணம். சென்னை ராஜதானிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி யந்திரத்தில் அடிக்கச் செய்த செப்பு நாணயம் இது. பீப்பாய் பீப்பாயாக இவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களின் மத்தியில் பத்து லட்சத்துக்கும் அதிகமான காசுகளை வெளியே எடுத்தார்கள். இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் கைகளில் உள்ளவற்றில் பல இவைதாம். சென்னையைப் பார்க்காத சென்னைக் காசுகள். ஒரு கை உப்பு வாங்காதவை, கடனுக்குப் போகாதவை, ஒரு முந்தியிலும் முடியப்படாதவை. இவற்றின் சிங்கங்கள் இன்றும் பிடரியோடு நிற்கின்றன.

கரை சேர்ந்த காசுகளின் கதி வேறு. அருப்புக்கோட்டையில் பழைய செம்பை எடைக்கு எடுக்கும் கடையில், உடைந்த தவலைக்கும் குத்துவிளக்குத் தண்டுக்கும் நடுவே எப்போதாவது ஒரு வட்டத் தகடு கிடக்கும். ஒரு பக்கம் கேடயத்தின் நிழல் மாதிரி ஏதோ தெரியும். மறு பக்கம் ஒன்றுமில்லை.

தேயாத காசில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரை. இங்கிலாந்து அரசர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் என்று லத்தீனில் வாசகம். மறு பக்கம் இருபது காசு நாலு பலூஸ் என்று பாரசீகத்தில். காசு என்ற தமிழ்ச் சொல் இதில் இரண்டு தரம் வருகிறது, ஒரு தரம் ரோமன் லிபியில், ஒரு தரம் பாரசீக லிபியில். தமிழ் லிபியில் இல்லை. சென்னையிலேயே அடித்த வேறு காசுகளில் தமிழும் தெலுங்கும் உண்டு என்பது உண்மை. ஆனால் இந்தக் காசு தன்னைக் கையில் வாங்கப்போகிறவனோடு பேசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சோஹோவில் இதே காசு 1803 என்ற வருஷத்தோடும் அடிக்கப்பட்டது. அந்த வருஷத்துக்கு முன்னால் இந்தச் சீமையில் நடந்தவை: 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கைதிகள் நாடு கடத்தல். 1803இல் ராமநாதபுரம் நிரந்தர ஜமீன். திருச்சுழி அந்த ஜமீனில் இருந்தது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஜமீன் கம்பெனிக்குக் கட்டவேண்டியது நிர்ணயமான ரொக்கம். குண்டாற்றில் வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர். ரொக்கத்துக்கோ வருஷா வருஷம் கெடு. இந்த ரொக்கத்தை வசூலித்தவருக்கும் கலெக்டர் என்றுதான் பெயர். காசு சேர்ப்பவருக்கும் இங்கிலீஷில் அதே பெயர்.

சேகரிப்பாளர் இதற்குப் பதில் சொல்வார்: தேயாத காசு இல்லாவிட்டால் தேய்ந்த காசு இன்னதென்றே உங்களுக்குத் தெரியாது. சரியான பதில். ஆனால் தேயாத காசு தருவது கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாக்குமூலம் மட்டுமே. அதன் மேல் இந்த ஊர் எழுதிய ஒரே எழுத்து தேய்மானம். அதைப் படிக்க முடியாது.

படிக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மழுங்கிய தகட்டை விரலால் தடவி, நெசவாளியின் வியர்வை, விதவையின் பெருமூச்சு என்று எழுதுவது சுலபம். அதுவும் கள்ள நாணயம்தான். யார் கை என்று செம்புக்குத் தெரியாது. மெளனமான பொருளுக்கு நாம் இரவல் குரல் கொடுத்து, அதை நாமே கேட்டு உருகுகிறோம். விலை கொடுத்துத் தேயாத காசு வாங்குகிறவன் இவ்வளவு பாசாங்கு செய்வதில்லை.

இலக்கியத்திலும் இந்த இரண்டு தவறுகளும் உண்டு. படம் அழிந்து வெறும் உலோகமாகிவிட்ட காசுகளுக்கு உண்மைகளை ஒப்பிட்டார் நீட்ஷே, 1873இல். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது தேய்ந்த சொல் செத்த சொல் என்ற சூத்திரம். புதுக்கவிதை யாரும் தொடாத சொல்லைத் தேடிப் போயிற்று. கடலடியிலிருந்து எடுத்த மாதிரி பளபளப்பான வரிகளும் கிடைத்தன. ஆனால் வட்டி, கெடு, கூலி போன்ற சொற்கள் தேய்ந்திருப்பது அவை நிஜமாகவே கொடுக்கல் வாங்கலில் இருந்ததால். அவற்றைத் தவிர்க்கிற கவிதை கை படாத காசு. அவற்றைக் கண்ணீரில் தோய்த்துக் காட்டுகிற கவிதை கள்ளக் காசு.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? தேய்ந்த காசு கிடைத்தால் முதல் காரியமாகப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். இரண்டு நூற்றாண்டின் மேல்தோல் ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறது. அதைவிட மோசம், எந்த ஊரில், எந்தக் கிணற்று மண்ணில், எதனோடு கிடைத்தது என்பதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. தகட்டுக்கு இந்த மண்ணோடு இருக்கிற நிரூபிக்கக்கூடிய ஒரே உறவு அதுதான். தேய்க்காமல் வைப்பது, கிடைத்த இடத்தை எழுதி வைப்பது, தெரியாததை அதன் வாயில் திணிக்காமல் இருப்பது. இவற்றில் உணர்ச்சிக்கு அதிக இடமில்லை. மரியாதைக்கு இருக்கிறது.