சூரபன்மன் செய்தது முறையோ?

ஐப்பசித் திங்களிற் கந்தசட்டி நோன்பு நோற்கும் அடியார் விருதுநகர்ச் சீமையின் ஊர்களிற் பலர் உளர். கழுகுமலையிலே தாரகன் வதையையும், மறுநாள் திருச்செந்தூர்க் கடற்கரையிலே சூரசங்காரத்தையும் கண்டு மீள்வாரும் உண்டு. இவருட் கந்தபுராணத்தைப் பொருளுணர்ந்து கேட்டார் சிலர்க்கு ஓர் ஐயம் நிகழ்கின்றது. தேவர் சூரபன்மனால் எய்திய துயருக்குக் காரணம் யாது என்று சயந்தன் வினவ, சிவபெருமானை இகழ்ந்து தக்கன் இயற்றிய வேள்வியிற் சென்றிருந்த பிழையே காரணம் என வியாழகுரவன் விடை பகர்கின்றான். வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். சூரனுக்கு வரம் நல்கியவனும் அவ்விறைவனே. அற்றேல் சூரன் செய்த குற்றந்தான் யாது? தேவர் நுகரவேண்டியதை நுகர்வித்த கருவி அல்லனோ அவன்?

இவ்வினா புராணம் கேட்கும் மண்டபத்தோடு நின்றொழிவதாயின் இத்துணை விரித்தல் வேண்டா. 2021 ஆம் ஆண்டு பிப்பிரவரி 12 ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். இத்தகைய துயர் நேருந்தோறும் 'எல்லாம் அவரவர் வினை' என்னுஞ் சொல் எழுகின்றது. மகளை இழந்த தாய் தன் நெஞ்சுக்குத் தானே அதனைக் கூறிக்கொள்ளின், அது புண்ணுக்கிடும் மருந்து. ஓர் அறையில் இத்துணையரே இருக்கலாம் என்னும் விதியிருப்ப, அதனை மீறி ஆட்களை நெருக்கி இருத்துவோனும், உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு உள்குத்தகைக்கு விடுவோனும் அச்சொல்லையே கூறின் அது யாதாகும்? சூரனுக்காக வழக்காடுவோர் கூற்றும் இவர் கூற்றும் ஒன்றே. ஆதலின் அவ்வழக்கை முற்றக் கேட்டு முடிவு காண்டல் நம் கடன்.

சூரன் பக்கத்து வழக்கு எளிதன்று. 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் பேறு அவன் பிறரிடம் பறித்ததன்று. வேள்வித் தீயிலே தன்னுடலையே ஈந்து பெற்றது. சயந்தனைச் சிறையிட்டதும் காரணமின்றி நிகழ்ந்ததன்று. தங்கை அசமுகியின் கை துணிக்கப்பட்டமை அவனை மூட்டியது. மேலும், நல்வினை தீவினை என்னும் வேற்றுமை இல்லை, நீயே பிரமம், வேண்டியது செய்க என்று அவனுக்கு உபதேசித்தவன் அவன் குலகுருவாகிய சுக்கிரன். ஆசான் சொல்லைக் கேட்டு நடந்த மாணாக்கனை நோவதென்னை என்பர்.

இவற்றுள் அசமுகியின் செய்தியைப் பாதியாகச் சொல்லுதல் ஆகாது. இந்திராணியைத் தமையனுக்கென்று வலிதிற் பற்றி ஈர்த்தபோதே அவள் கை துணிக்கப்பட்டது. சுக்கிரன் உபதேசமும் அவ்வாறே ஆராயற்பாலது. அறவழியைத் தந்தையாகிய காசிபர் முன்னரே உபதேசித்திருந்தார். தம்பி சிங்கமுகன் அவையிலே சிறைவிடுமாறு வற்புறுத்தினான். தனக்கு உவப்பான உபதேசத்தை ஏற்று மற்றவற்றைத் தள்ளியவன் சூரனே.

இனி, வீரவாகு தேவர் தூது வந்து கேட்டது யாது? அரசைத் துறக்கவென்றோ, வரத்தைத் திருப்பித் தரவென்றோ கேட்டாரல்லர். தேவரைச் சிறைவிடுத்து அறநெறி நின்று வாழ்க என்பதே பெருமான் திருவாக்கு. தேவரது பழவினையை ஊட்டும் கருவி தான் என்று சூரன் கருதியிருந்தானாயின், ஊட்டுவித்தவனே 'போதும்' என்றபோது கை விட்டிருத்தல் வேண்டும். அவனோ பாலன் ஒருவன் சொல்லுக்கு யான் இணங்குவதோ என்று வெகுண்டான். இவ்வொரு விடையே அவன் கருவி அல்லன் என்பதற்குச் சான்று.

சித்தாந்தம் இதனைத் தெளிவுறக் கூறும். உயிருள்ளன வாயிலாகவும் உயிரில்லன வாயிலாகவும் தெய்வத்தின் வாயிலாகவும் வினைப்பயன் வந்து பொருந்தும். நுகர்வானுக்கு அது பிராரத்தம். அதனையே தன் விருப்பாலும் வெறுப்பாலும் செய்வானுக்கோ அது ஆகாமியம். ஒரு நிகழ்ச்சி இருவர் கணக்கில் இரு வேறாகப் பதிகின்றது. அரசனுக்கு 100 பொன் தண்டம் இறுக்கவேண்டிய ஒருவனை வழியிடைக் கள்வன் மறித்து 100 பொன்னைப் பறித்தானெனக் கொள்க. 'இவன் எவ்வாற்றானும் இழக்கவேண்டிய பொன்தானே' என்று கள்வன் அவையில் வாதித்தால் எவர் ஒப்புவர்? தண்டலாளனுக்கு ஆணை உண்டு. கள்வனுக்கு ஆசையே உண்டு.

அஃதொக்கும், சூரன் வருத்தாதிருந்திருப்பின் தேவர்தம் பயனைத் துய்யாது தப்பியிருப்பரோ எனின், தப்பார். ஊட்டுதற்கு இறைவனுக்கு வழி ஒன்றோ? எவ்வழியாலேனும் அது வந்தே தீரும். ஆயின் எவனுக்கு எவ்வினை நின்றதென்பதை அறிவான் அவன் ஒருவனே. அக்கணக்கை அறியாத நாம் அதனை எடுத்துப் பிறர்க்கு ஊட்டப் புகுதல் நம் தொழிலன்று. வெடிமருந்து அறையிற் காவலைக் குறைத்தவன், இறந்தோரின் சஞ்சிதத்தை எந்த ஏட்டில் வாசித்தான்?

வரங் கொடுத்தமையால் இறைவனுக்கும் பங்குண்டென்பார் கூற்று, வாள் வடித்த கொல்லனைக் கொலைக்கு உடந்தை என்பார் கூற்றினும் மெலிது. கொல்லன் அறியாது கொடுத்தான், இறைவனோ எல்லை வகுத்தே கொடுத்தான். இக்காலத்தார் இராவணனையும் இவ்வாறே வழக்கு மன்றத்தில் ஏற்றினர். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946 இல் வெளிவந்து, 1948 இல் தடைப்பட்டு, 1971 இல் விடுபட்டது. சைவர்க்கு இது புதிதன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடல்தோறும் பெரும்பாலும் இராவணனைக் கொணர்ந்து, மலையின்கீழ் நெரிந்ததையும் அருள் பெற்றதையும் சேர்த்தே பாடினார். செயலைக் குற்றமென்றலும் செய்தானை வெறுத்தலும் வெவ்வேறென்பது அங்கே விளங்கும்.

சூரன் வரலாற்றிலும் அவ்வாறே. பெருமானது பெருவடிவைக் கண்டபோது அவன் உறுப்புக்களெல்லாம் வணங்க விழைந்தன. மானம் ஒன்றே தடுத்தது. பின்னர் வேலாற் பிளவுண்டும் சேவலும் மயிலுமாய்ச் சினந்தே எழுந்தான். திருநோக்கம் பட்ட பின்னரே தெளிந்தான். அப்போரிலே அதற்குமுன் மயிலாகிப் பெருமானைச் சுமந்தவன் இந்திரன். கொடியிற் சேவலாய் நின்றவன் அங்கி. சூரன் மயிலானதும் பெருமான் இந்திரனாகிய மயிலை விட்டிழிந்து சூரன்மேல் எழுந்தருளினார். வருந்தினவனும் வருத்தினவனும் ஏறி வந்த படி வேறு. தாங்கிய திருவடி ஒன்று. கழுகுமலைக் குடைவரையிலே இடப்புறம் முகங்காட்டி நிற்கும் மயில் இந்திரன் என்பது அத்தலத்து மரபு. திருச்செந்தூர் மயிலோ சூரன்.