வாயைத் திற, தங்கச்சி!

“எனக்குப் பாட வராது சிஸ்டர், வேற டீச்சர்கிட்ட கொடுங்க!”

இதைச் சொல்லித்தானே நழுவப் பார்க்கிறாய்?

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆர்.சி. தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் உன் பொறுப்பு. எச்.எம். சிஸ்டர் கூப்பிட்டு, “பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நீதான் எடுக்கணும்” என்றதும் உனக்குக் கை நடுங்குகிறது.

ஏன் நடுங்க வேண்டும்? பாட வராது என்று உனக்கு யார் சொன்னது? எந்தப் பரீட்சை எழுதித் தோற்றாய்?

நான் சொல்லட்டுமா? உனக்கு ஆறோ ஏழோ வயது இருக்கும்போது எவரோ ஒருவர், “நீ பாடாதே, வாயை மட்டும் அசை” என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு மூடிய வாய்! இன்னும் திறக்கவில்லை!

ஒரே ஒரு சொல்! அதற்கு இன்னும் எத்தனை வருஷம் அடிமையாக இருப்பாய்?

கேள். சுருதியே பிடிபடாத காதோடு பிறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்பது ஆய்வாளர்கள் கணக்கு. மீதித் தொண்ணூற்றாறு பேருக்கும் காதில் குறை இல்லை. பழக்கம் இல்லை! அவ்வளவுதான்!

“இது வானம் பார்த்த பூமி. இந்தக் கரிசல்காட்டில் ஏது சங்கீதம்?” என்கிறாயா?

திருச்சுழிக்குப் போ! குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில் முன்னால் நின்று பார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சுந்தரர் பதிகம் பாடிய மண் அது!

தெற்கே விளாத்திகுளத்துக்குப் போ! ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடிய நல்லப்ப சுவாமிகளைத் தந்தது இதே கரிசல்தான். கண்மாய் வற்றலாம். தொண்டை வற்றவில்லை!

2018-ல் நிதி ஆயோக் போட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் உன் விருதுநகர் மாவட்டமும் இருக்கிறது. இருக்கட்டும்! பிள்ளைகளின் குரலை அளந்து போட்ட பட்டியல் ஏதாவது உண்டா?

“அப்பா மில்லில் நைட் ஷிப்ட், அம்மா தறியில். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாட்டுச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?”

அப்பத்தா இருக்கிறாள்! முளைப்பாரிக்கு ஊரே கூடிக் கும்மியடிக்கும்போது இந்தப் பிள்ளை எங்கே இருந்தது? அப்பத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள்ளேதானே நின்றது? தாளம் அப்போதே உடம்பில் ஏறிவிட்டது! நீ கற்றுத்தர வேண்டாம். வெளியே வரவிட்டால் போதும்!

இன்னொன்று சொல்கிறேன், கவனி.

கண்மாய்க்கரையில் நின்று ஒரு பிள்ளை தன் கூட்டாளியைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாயா? “மா…ரீ…!” முதல் எழுத்து மேலே. இரண்டாவது கீழே. அந்த இறக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை!

மோகனத்தில் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கிப் பார். ப – க. அதே இடைவெளி!

ஹங்கேரியில் சோல்டான் கோடாய் (1882–1967) என்ற இசைமேதை குழந்தைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கப் பாடுபட்டார். அவர் பெயரால் வழங்கும் முறையில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே இந்த இறக்கம்தான்! அடுத்த பாடம், அரைச்சுர நெருக்கம் இல்லாத ஐந்து சுரப் பாட்டுகள்.

ஐந்து சுரம்! ச ரி க ப த! நம் மோகனம் வேறு என்ன?

இப்போது இதற்குப் பதில் சொல். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் அரசாணை வந்ததே, அது எந்த ராகம் என்று போட்டிருந்தது? முல்லைப்பாணி. அதாவது மோகனம்! எவ்வளவு நேரம்? 55 விநாடி!

பள்ளி நடக்கிற ஒவ்வொரு நாளும் பிரேயரில் நின்று 55 விநாடி மோகனம் பாடுகிறவள் நீ! உனக்கா பாட வராது?

சரளி வரிசையைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று யாராவது உன்னைப் பயமுறுத்துவார்கள். புரந்தரதாசர் வகுத்த அந்த வழி பெரிய வழி. நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் மாயாமாளவகௌளையின் நெருங்கிய சுரங்களை ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே வைக்காதே என்பது என் கட்சி. தெரிந்த பாட்டில் தொடங்கு. கூப்பிடுகிற குரலில் தொடங்கு.

“கீபோர்டு இல்லை. ஆர்மோனியப் பெட்டி உடைந்து கிடக்கிறது.” அடுத்த சாக்கு!

உன் கைபேசியில் சுருதிப் பெட்டி இலவசமாகக் கிடைக்கிறது. கரண்டு போனால் என்ன? உன் தொண்டை கரண்டிலா ஓடுகிறது?

சுருதிக் கட்டையை மட்டும் சரியாக வை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு என்று வைத்துப் பார். இதைப் படிப்பது வாத்தியார் தம்பியாக இருந்தால், உன் அடிக்குரலில் பாடிக்காட்டிவிட்டு, “சுருதி சேரலையே” என்று பிள்ளையை அதட்டாதே! பிள்ளைக்காகக் கட்டையை மாற்று. கட்டைக்காகப் பிள்ளையை மாற்றாதே!

“சத்தமாப் பாடுங்க!” என்றும் அதட்டாதே. அது கத்தல். பாட்டு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் தொண்டையும் கட்டும், உன் தொண்டையும் கட்டும். “நல்லாக் கேட்டுட்டுப் பாடுங்க” என்று சொல். அது போதும்.

இனி, உன் மூன்றாவது வரிசைக்கு வா.

அங்கே ஒருவன் உட்கார்ந்திருப்பான். எல்லாரும் மேலே போக, அவன் மட்டும் அடித்தொண்டையில் ஒரே சுரத்தில் உறுமுவான். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆண்டு விழா வேறு நெருங்கும்.

அவனை என்ன செய்யப்போகிறாய்? “நீ வாயை மட்டும் அசை” என்பாயா? உனக்கு யாரோ செய்ததை நீ அவனுக்குச் செய்வாயா?

செய்யாதே! அந்த ஒரு வாக்கியத்தை உன் வாயிலிருந்து எடுத்து எறி!

அவன் பக்கத்தில் போய் உட்கார். உன் சுருதிக்கு அவனை இழுக்காதே. அவன் எந்தச் சுரத்தில் நிற்கிறானோ, அந்தச் சுரத்தை நீ பாடு. தன் குரலும் இன்னொரு குரலும் ஒன்றாகச் சேர்வதை அவன் காது அப்போதுதான் கேட்கும். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்! அதற்கு ஈடாக ஒரு விருது உண்டா?

பிறகு ஒரே ஒரு சுரம் மேலே போ. வருகிறானா பார். வராவிட்டால், ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி “ஊ…” என்று கீழிருந்து மேலே குரலை இழுக்கச் சொல். சிரித்துக்கொண்டே இழுப்பான். அடித்தொண்டையை விட்டு மேல்குரல் தானாக வெளியே வரும். அங்கே பிடித்துக்கொள்!

ஒரே நாளில் நடக்குமா? நடக்காது! ஒரு வாரத்தில்? அதுவும் நிச்சயம் இல்லை! முதல் வாரம் நீ தோற்பாய். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைச் சாத்துவார். தோற்றுவிட்டுப் போ! தோற்றதற்காக யாராவது உன்னைத் தூக்கிலா போடுவார்கள்?

உன்னைப்போல் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவர் கதை கேள். ராஜேந்திர சோழன் இங்கே ஆண்ட காலம். இத்தாலியில் குய்தோ என்ற கத்தோலிக்கத் துறவி கோயிலில் பாடும் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காதால் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை. வருஷக்கணக்கில் பாடினாலும் புதிய பாட்டு ஒன்றைத் தாமாகப் பாடத் தெரியாது!

குய்தோ சும்மா இருந்தாரா? கோடு போட்டார். சுரத்தைக் கோட்டில் ஏற்றினார். புனித அருளப்பர் பாட்டு ஒன்றின் வரித் தொடக்கங்களை எடுத்து ஊத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பெயர் வைத்தார். பத்து வருஷப் பாட்டை ஓரிரு வருஷத்தில் முடிக்கலாம் என்று எழுதினார்!

பாராட்டினார்களா? கூட இருந்த துறவிகளே பொறாமைப்பட்டார்கள்! மடத்தை விட்டு வெளியேறினார். அரெஸ்ஸோ நகரத்துக்குப் போய் அங்கேயும் சிறுவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு போப்பாண்டவரே அவரை ரோமுக்கு அழைத்துக் கேட்டார். உலகம் இன்றைக்குப் பாடுகிற டோ-ரே-மி அந்தச் சிறுவர் வகுப்பில் பிறந்தது!

வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி தொடங்கும்போது எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? 11! எங்கே? ஒரு கார் ஷெட்டில்! அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா? அந்த 11 பேரில் தொடங்கியது, பிறகு லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைத் தொட்டது!

உனக்கு ஒரு வகுப்பறை இருக்கிறது. முப்பது நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் என்ன வேண்டும்?

“பாட்டுக்கு மார்க் உண்டா?” என்று பெற்றோர் கேட்பார்களா? கேட்கட்டும்! வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே பயப்படுகிற பிள்ளை, முதலில் நாற்பது பேரோடு சேர்ந்து வாய் திறக்கட்டும். அடுத்துத் தனியாகத் திறக்கும்!

ஆண்டு விழாவில் பென் டிரைவில் பாட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கிற கூத்தை ஒழி! யாருக்காக அந்த நாடகம்? சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, பிள்ளையின் சொந்தக் குரல் மைக்கில் வரட்டும்!

உன் வகுப்பில் மேரியும் இருப்பாள், மாரியம்மாளும் இருப்பாள், பாத்திமாவும் இருப்பாள். கிறிஸ்துமஸ் குடில் முன்னால் பாடுகிற பாட்டும் வேண்டும், அப்பத்தாவின் கும்மியும் வேண்டும். பிள்ளைகளிடமே கேள். வீட்டிலிருந்து பாட்டுக் கொண்டுவருவார்கள்.

முறையாகக் கற்க ஆசை வந்துவிட்டதா? மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துகிற கலைக்காவிரி இருக்கிறது. கோடை விடுமுறையில் போய் விசாரி. ஆனால் அதுவரை காத்திருக்காதே!

வாரம் ஒரு மணி நேரம் வேண்டாம். தினமும் பத்து நிமிஷம்! வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையில்! நீ ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி!

நாளைக்குக் காலையில் பிரேயர் முடிந்ததும் பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. ஐந்து கட்டையில் சுருதி வை. மூன்றாவது வரிசையில் உறுமுகிறானே, அவனை முன்னால் அழைத்து உன் பக்கத்தில் நிறுத்து. பாடத் தொடங்கு!