தோட்டாவும் கருணையும்

டம்டம் என்றதும் கல்கத்தாத் தமிழருக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். அவ்வூர்ப் படைக்கலச் சாலையில் 1890களில் உருவான தோட்டா ஒன்று அப்பெயரை உலகெங்கும் பரப்பிற்று. உடலில் பட்டதும் முனை விரிந்து பெரும்புண் செய்வது அது. இத்தகைய தோட்டா போருக்கு ஆகாது என்று 1899இல் ஹேக் நகரில் நாடுகள் பல உறுதி பூண்டன.

இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, ரைபிளால் மானைச் சுடுவோர் விரியும் தோட்டாவையே கையாள வேண்டும் என விதிக்கிறது!

முரண்பாடா இது? அன்று. விரியாத தோட்டா உடலைத் துளைத்து அப்பால் சென்றுவிடின், மான் புதருள் ஓடி நெடுநேரம் துடித்து மடியக்கூடும். போர்வீரனோ புண் ஆறி இல்லம் திரும்ப வேண்டியவன். அவனுக்குப் பிழைக்க வழிவிடுவது கருணை. மானுக்கு விரைந்த முடிவே கருணை. ஆகவே, கொடுமையும் கருணையும் கருவியில் இல்லை. எதிர்நிற்கும் உயிருக்கு நாம் செய்யவேண்டிய கடமையைக் கொண்டே அவை அமைகின்றன.

எனினும், வேதனையைக் குறைத்தவன் கொன்ற பொறுப்பினின்றும் நீங்கியவன் ஆவானா? ஆகான். ஓநாய் அற்றுப்போன அந்நாட்டில், பெருகிய மான்கள் இளமரங்களைத் தின்று காட்டை அழிக்கின்றன என்பர். அது சுடுவதற்குக் காரணமாகலாம். ஆயின், 'எத்தோட்டா?' என்று கேட்குமுன் 'சுடத்தான் வேண்டுமா?' என்று ஒவ்வொரு முறையும் தன்னைக் கேட்டுக்கொள்பவனிடமே கருணை தங்கும்.