காலரில் இருந்த மஞ்சள்

வெளியே சாப்பிடப் போகும்போது நல்லதாக உடுத்திக்கொண்டு போக வேண்டுமா என்பதெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமா என்று யாரும் கேட்கலாம். சில மாதங்களுக்கு முன்புவரை நானும் யோசித்ததில்லை. ஒரு பையனின் சட்டைக் காலரில் மஞ்சளைப் பார்த்ததிலிருந்து அது என்னை விடமாட்டேன் என்கிறது.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு உணவகம், ஞாயிற்றுக்கிழமை இரவு. மகளும் மருமகனும் என்னை அழைத்துப் போயிருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஓர் அப்பா, அம்மா, இருபது இருபத்திரண்டு வயதில் ஒரு மகன். அப்பா கரைவேட்டி. அம்மா பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை. பையனுக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்திருக்கிறது என்பது அவர்கள் பேச்சிலிருந்து காதில் விழுந்தது. அவன் புதுச்சட்டை போட்டிருந்தான். காலரின் ஒரு மூலையில் விரல்நுனி அகலத்துக்கு மஞ்சள். ஆர்டர் எடுக்க வந்த வடநாட்டு இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “சார், கறை” என்று தன் காலரைத் தொட்டுக் காட்டி, ஈரக் காகிதம் ஒன்றை நீட்டினார். பையன் வாங்கித் துடைத்தான். மஞ்சள் போகுமா? இன்னும் கொஞ்சம் பரவியது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பாடு வந்தது, சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் உடுத்தக் கூடாது என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் சாமி படத்தின் முன்னால் துணியை வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அந்தச் சட்டைக்கும் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள், அநேகமாக அந்த அம்மாதான். ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு. காகிதம் நீட்டிய இளைஞர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விருந்தாளி கறையோடு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தவர் அவர். ஆனாலும் அந்தப் பையனின் கை காலரைத் தேய்த்த விதம் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தக் கூடத்தில் உடுத்திக்கொண்டு வந்திருந்தவர்கள் அவர்கள் மூன்று பேர்தான். மற்ற மேஜைகளில் டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. என் மகள் வீட்டில் போட்டிருந்த உடையோடுதான் காரில் ஏறினாள். மருமகனும் அரைக்கால் சட்டைதான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வெளியே சாப்பிடுகிறவர்களால் ஒவ்வொரு முறையும் பீரோவைத் திறக்க முடியாது. ஊரடங்குக் காலத்தில் ஹோட்டல் சாப்பாடே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நைட்டியோடு கதவைத் திறந்து வாங்கிச் சாப்பிட்டுப் பழகியாயிற்று.

எங்கள் காலத்தில் ஹோட்டல் என்றால் மதுரை. நாங்கள் திருமங்கலம். தீபாவளிக்கு முன்னால் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போவோம், எடுத்து முடித்ததும் மாசி வீதியில் ஒரு ஹோட்டலில் டிபன். அந்த டிபனுக்காகத்தான் முந்தின நாளிலிருந்தே வீடு அமர்க்களப்படும். அப்பாவுக்கு நீலம் போட்டு அலசிய வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுப்பாள். பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு போகும்போது அந்துருண்டை வாசனை எங்களோடு கூடவே வரும்.

ஹோட்டலில் சலவைக்கல் மேஜை, எவர்சில்வர் டம்ளர், கை கழுவுகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் வீட்டில் இருந்தது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. அம்மா கை கழுவிவிட்டு அந்தப் பெரிய கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி நிற்பாள். தன்னைத் தலை முதல் கால்வரை அவள் பார்த்துக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மறக்க முடியாத இன்னொன்று உண்டு. அம்மாவுக்கு ஹோட்டல் சாம்பார் என்றால் உயிர். ஊரில் அதைப் பற்றியே பேசுவாள், அதில் என்ன போடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வாள். ஆனால் அங்கே போய் உட்கார்ந்ததும் சாம்பார் வாளி வந்தால் இலையைக் கையால் மறைத்துவிடுவாள். பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. முந்தானையை இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இட்லியைச் சட்னியில் தொட்டு, குனிந்து குனிந்து சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

அன்றைக்குக் காரில் திரும்பும்போது இதை மகளிடம் சொன்னேன். அந்தக் குடும்பம் அழகாக இருந்தது, நாமும் கொஞ்சம் உடுத்திக்கொண்டு வந்திருக்கலாம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன், பேச்சு பாட்டியிடம் போய்விட்டது.

“பாட்டி சாம்பாரே ஊத்திக்கலையா? அப்ப அந்தப் பட்டு எதுக்கும்மா? சாப்பிடற இடத்துல சாப்பிட விடாத துணி!”

“அது அவங்களுக்கு ஒரு சந்தோஷம்டி.”

“சந்தோஷமா, பயமா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவள் எடக்குக்காகக் கேட்கவில்லை. பாட்டிக்காகத்தான் கேட்டாள்.

பயம் என்றதும் எனக்கு நினைவு வந்தது கல்லூரியில் படித்த காந்தியின் ‘சத்திய சோதனை’. முக்கால்வாசி மறந்துபோன அந்தப் புத்தகத்தில் ஓர் இடம் மட்டும் மறக்கவில்லை. லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியை நண்பர் ஒருவர் நாடகத்துக்கு அழைத்துப் போகிறார். அதற்கு முன் ஹோல்பர்ன் என்ற பெரிய உணவகத்தில் சாப்பாடு. சூப் வருகிறது. இதில் மாமிசம் இருக்கிறதா என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்கப் பார்க்கிறார் காந்தி. நண்பருக்குக் கோபம். நாகரிகமான இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்கிறார். காந்தி எழுந்து போகிறார். பக்கத்தில் இருந்த சைவ உணவகம் மூடியிருக்கிறது. அன்று இரவு பட்டினி.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. நண்பரின் மனக்குறையைத் தீர்க்க கனவானாகிவிடுவது என்று முடிவு செய்கிறார். பாண்ட் தெருவில் பத்து பவுனுக்கு மாலை உடுப்பு தைத்துக்கொள்கிறார், உயரத் தொப்பி வாங்குகிறார், கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகுகிறார், நடனமும் வயலினும் கற்கப் போகிறார். சாப்பாட்டு மேஜையில் தலைகுனிந்தவர் தையல்காரரிடம் போகிறார்.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தான் தங்கியிருந்த வீட்டில் மேலாடைகளை விட்டுவிட்டு முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். அந்த வீடு இப்போது கதர்க்கடை. பட்டுப்புடவையும் இஸ்திரிச் சட்டையுமாக நாங்கள் டிபனுக்குப் போனது அதே வீதி வழியாகத்தான். அந்த வீட்டைச் சிறுவயதில் எத்தனையோ தடவை கடந்திருப்பேன், திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

துணியை விட்டுவிட முடிந்தவருக்கு அதற்கு முன் துணி இருந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதி இல்லாமல் தாகத்தோடு உட்கார்ந்திருந்த பையன் வளர்ந்து அம்பேத்கர் ஆனபோது கோட்டும் டையும் அணிந்தார், அதை விடவில்லை. இன்று ஊர்தோறும் சிலைகளில் நீலக் கோட்டோடு நிற்கிறார். இரண்டு பேரில் யார் செய்தது சரி என்று ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இப்போது தோன்றுவது வேறு: யார் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து ஒரே சட்டையைப் போடுவதும் நியாயமாகிறது, கழற்றுவதும் நியாயமாகிறது.

எங்கள் தாத்தா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளப்புக்கடைப் பக்கம் போக முடியாது. இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். காசைக் கீழே வைத்தால் காப்பியைத் தூக்கி ஊற்றுவார்கள். இதை அப்பா எங்களிடம் ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் தாத்தா இறந்த பிறகு. அன்றைய சென்னை மாகாணத்து ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு நீங்கியது 1941இல்தான். ஹோட்டல் பலகையில் இருந்த சாதிப் பெயரை எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்தியது 1957இல். அந்த வருஷங்களுக்கு நடுவில் வளர்ந்தவர் என் அப்பா. அவருடைய இஸ்திரிச் சட்டையை நான் வெறும் பகட்டு என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன்.

மாசி வீதி ஹோட்டலில் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டுவிடாதபடி உடுத்திக்கொண்டு போனோமா, கேட்கிற காலம் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியாத வயசு.

நம் உடையைத் தடுத்த இடங்கள் அதற்குப் பிறகும் இருந்தன. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் புத்தக வெளியீட்டுக்காகச் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்புக்குப் போனபோது, வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரர்கள் காலத்து விதி, அவர்கள் போய் அறுபத்தேழு வருஷம் ஆன பிறகும் வாசலில் காவல் நின்றது. ஆகஸ்டிலேயே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்காகவோ மற்ற பாரம்பரிய உடைக்காகவோ ஒருவரை உள்ளே விட மறுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். நீதிபதிக்கு நடந்ததால் சீக்கிரம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் மருமகன் அரைக்கால் சட்டையோடு போனபோது வாசலில் நின்றவர் வணங்கிக் கதவைத் திறந்தார். அவனுடைய கைப்பேசியும் காரும் ஆங்கிலமும் அவன் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டன, சட்டைக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பையனின் அப்பா கசங்கிய சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்திருந்தால் கதவு அதே வேகத்தில் திறந்திருக்குமா? திறந்திருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த அப்பா அந்த நம்பிக்கையில் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார். எளிமையாக உடுத்துவது இன்று எல்லோருக்கும் கிடைத்துவிட்ட சுதந்திரம் என்று என் மகளின் நண்பர்கள் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்தச் சுதந்திரம் முதலில் போய்ச் சேர்வது, தங்கள் இருக்கையை யாரும் சந்தேகிக்காதவர்களிடம்.

அப்படியானால் உடுத்துவது எல்லாமே பயம்தானா? அங்கேதான் அந்த மஞ்சள் குறுக்கே வருகிறது. வாசலில் நிற்பவருக்காக யாரும் காலரில் மஞ்சள் வைப்பதில்லை. ஊரார் மதிப்புக்காக என்றால் அது இல்லாமலிருப்பதுதான் நல்லது, பார்க்கிறவர்கள் கறை என்பார்கள். அந்த அம்மா அதை வைத்தது மகனுக்காக, முதல் சம்பளத்துக்காக, மூன்று பேரும் சேர்ந்து உட்காரப் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்காக. என் அம்மா கண்ணாடி முன் நின்றதிலும் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. இலையை மறைத்த கையில் வேண்டுமானால் இருந்திருக்கலாம். ஒரே புடவை, ஒரே காலைப்பொழுது, இரண்டும் இருந்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

பையன் ஏன் துடைத்தான் என்பதும் அப்படித்தான். வெட்கப்பட்டிருக்கலாம். அல்லது, அது மஞ்சள் என்று விளக்கி அந்த இளைஞரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். முதல் சம்பளத்தில் விருந்து வைக்கிறவனுக்கு அந்தப் பெருந்தன்மை இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. மகள் இரண்டாவதை நம்புகிறாள். நான் நாளுக்கு ஒன்றை நம்புகிறேன்.

உடுத்துகிற வழக்கம் போவதற்காக நான் வருந்த வேண்டுமா, பட்டுக்குப் பயந்து சாம்பாரை விடவேண்டிய காலம் போனதற்காகச் சந்தோஷப்பட வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அவள் இப்போது இல்லை. எந்த ஹோட்டலில் எந்தச் சாதியை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது ஓரளவாவது எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போக நம் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்தினார்கள், யாருக்காக உடுத்தினார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாவோ அத்தையோ இருந்தால், முதன்முதலில் ஹோட்டலுக்குப் போனபோது என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், ஏன் அதைக் கட்டினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதி வையுங்கள்.